கருப்பிடம் கேட்ட இரண்டு கேள்விகள்

என் மேசையின் இரண்டாவது இழுப்பறையைத் திறந்தால், கத்தரிக்கோலுக்கும் பேண்டேஜ் சுருள்களுக்கும் நடுவில் ஒரு நீல நிற இன்ஹேலர் கிடக்கும். மருந்து எப்போதோ தீர்ந்துவிட்டது. அதன் இடுப்பில் ஒரு கறுப்புக் கயிறு கட்டியிருக்கிறது. முதுகில் பூசிய விபூதி உதிர்ந்து இழுப்பறையின் மூலையில் சேர்ந்திருக்கிறது. வாய் வைத்து இழுக்கும் இடத்தின் மூடியைக் கழற்றினால் உள்ளே சருகான ஒரு வெள்ளை இதழ். மூச்சிரைப்புக்கான இன்ஹேலர்கள் கோடிக்கணக்கில் தயாராகி விற்பனையாகியிருக்கும். அவற்றில் சாமியிடம் உத்தரவு வாங்கிக்கொண்டு வேலைக்கு வந்தது இது ஒன்றாகத்தான் இருக்கும். இதைத் தூக்கிப்போட எனக்கு மனம் வருவதில்லை. பார்க்கும்போதெல்லாம் சிரிப்பும் வருகிறது, பழைய பயமும் ஒரு தரம் புரண்டு படுக்கிறது.

பிசியோதெரபி படித்து முடித்ததும் ஏதாவது பெரிய எலும்பு ஆஸ்பத்திரியில் சேர்ந்துவிடுவேன் என்று அப்பா நம்பிக்கொண்டிருந்தார். நான் தொழில்முறைக் கபடி லீக்கில் ஆடிய மதுரை அணிக்கு பிசியோவாகப் போனேன். வாழ்நாளெல்லாம் வங்கியில் அடுத்தவர் கையெழுத்தைச் சந்தேகப்பட்டே ஓய்வுபெற்ற அப்பா, “அம்புட்டுப் படிச்சது ஆம்பளப் பயலுகளுக்குக் கால் அமுக்கவா?” என்று கேட்டார். அம்மா கெட்டிக்காரி. அக்கம்பக்கத்தில் “ஸ்போர்ட்ஸ் மெடிசின்” என்று சொல்லி வைத்தாள். யாருக்கும் புரியவில்லை என்பதால் தெருவில் என் மரியாதை கொஞ்சம் கூடியது.

அணிக்கு முழுநேர டாக்டர் கிடையாது. அதனால் முட்டி, தோள், கணுக்கால் ஆகியவற்றோடு ஊக்கமருந்து விவகாரமும் என் தலையில் விழுந்தது. எதை உட்கொள்ளலாம், எதை உட்கொள்ளக் கூடாது என்ற தடைப் பட்டியலை அச்செடுத்து, சாப்பாட்டுக் கூடத்தில் முருகன் காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டினேன். ஒருவரும் படிக்கவில்லை. ஆனால் ஆயுத பூஜை அன்று சமையல் மாஸ்டர் அதற்கும் சந்தனம், குங்குமம் வைத்துவிட்டார். அதற்குப் பிறகு பையன்கள் அதைப் பார்க்கும்போது செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்கள். படிப்பது மட்டும் அப்போதும் இல்லை.

செல்லூர்க்காரரான அந்த மாஸ்டருக்கும் எனக்கும் வந்த ஒரே சண்டை கசகசாவில்தான். கசகசா என்பது அபினிச் செடியின் விதை. விதையில் போதை கிடையாது. ஆனால் அதன்மேல் ஒட்டியிருக்கும் பால், சில நேரம் சிறுநீர்ச் சோதனையில் மார்பின் என்று தலைகாட்டிவிடும். போட்டி நாளில் அது தடை செய்யப்பட்ட பொருள். ஆகவே சீசன் முடியும்வரை குருமாவில் கசகசா கூடாது என்று உத்தரவு போட்டேன். மாஸ்டர் அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. சாயங்காலம் வந்து, “முந்திரியை அரைச்சு ஊத்திக்கிறேன் மேடம். ஆனா அதக் குருமான்னு மட்டும் எங்கிட்டச் சொல்லாதீங்க” என்றார். அந்தச் சீசன் முழுக்க எங்கள் விடுதியில் அதற்கு ‘மேடம் கொழம்பு’ என்றே பெயர்.

இந்த இடத்தில் எங்கள் கேப்டனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்போது அவருக்கு முப்பதை ஒட்டிய வயது. கொட்டாம்பட்டியிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் ஒரு ஊர். நெல்லும் கடலையும் போடுகிற குடும்பம். வீட்டில் ஒரு ஜல்லிக்கட்டுக் காளை. விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வேயில் வேலை. அணியில் அவர்தான் முதல் ரைடர். ரைடர் என்றால், எதிரணி எல்லைக்குள் தனியாக நுழைந்து, ஒரே மூச்சில் ‘கபடி கபடி’ என்று பாடிக்கொண்டே ஆளைத் தொட்டுவிட்டுத் திரும்ப வேண்டியவர். நடுவில் பாட்டு அறுந்தால் அவுட். கேப்டன் பாட ஆரம்பித்தால் எதிரணி ஓரடி பின்னால் போகும் என்பார்கள். அவர் மெல்லிய குரலில்தான் பாடுவார். ஆனால் இறுதிவரை ஒரே கனத்தில் வரும்.

ஊக்கமருந்து எது என்பதில் கேப்டனுக்குச் சந்தேகமே இல்லை. மெடிக்கல் ஷாப்பில் கிடைப்பதெல்லாம் ஊக்கமருந்து. அடுப்பில் கொதித்தது, உரலில் இடிபட்டது, சொந்தக்காரர் கையால் வந்தது ஆகிய எல்லாம் சாப்பாடு. காய்ச்சலுக்கு மாத்திரை கொடுத்தால் நாக்குக்கு அடியில் ஒதுக்கி வைத்திருந்து, நான் திரும்பியதும் துப்பிவிடுவார். அதே ஆளின் பையில் ஒருமுறை பழைய சத்துமாவு டப்பா நிறைய, கன்னங்கரேல் என்று மினுமினுக்கும் ஒரு லேகியத்தைக் கண்டுபிடித்தேன். இதில் என்னவெல்லாம் சேர்த்திருக்கிறது என்று கேட்டேன்.

“தெரியாது மேடம். மாமா குடுத்தாரு.”

“மாமாவுக்கு யாரு குடுத்தா?”

“அவருக்கு ஒரு வைத்தியரு.”

“சரி, அந்த வைத்தியர்கிட்டக் கேட்டுச் சொல்லுங்க.”

“அவரு செத்துப்போயிட்டாரு மேடம்.”

டப்பாவைப் பறிமுதல் செய்தேன். கேப்டன் கோபப்படவில்லை. குழந்தை கையிலிருந்து மிட்டாயைப் பிடுங்கிய பெரிய மனுஷியைப் பார்ப்பதுபோல என்னை இரண்டு நாள் பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்படிப்பட்டவருக்குத்தான் இளைப்பு இருந்தது. எனக்கு அது சீசன் பாதியில்தான் தெரியவந்தது. அவருடைய அறையில் தங்கியிருந்த ஆட்டக்காரர் ஒருநாள் தயங்கித் தயங்கி வந்து, “அண்ணே உக்காந்தே தூங்குறாரு மேடம். படுத்தா நெஞ்சுக்குள்ள பூனைக்குட்டி கத்துற மாதிரி சத்தம் வருது” என்றார். ஆட்டத்தின் நடுவே கேப்டன் அடிக்கடி கழிப்பறைப் பக்கம் போவதற்கும், ‘தூசி மேடம், தூசி’ என்று இருமுவதற்கும் அன்றைக்குத்தான் எனக்கு அர்த்தம் விளங்கியது. ஊரில் சின்ன வயதிலேயே இருந்ததாம். இளைப்புக்காரன் என்று தெரிந்தால் கபடிக்கு யார் சேர்ப்பார்கள் என்று பத்து வருஷத்துக்கு மேலாக மூடி மறைத்து ஆடியிருக்கிறார்.

இழுத்துக்கொண்டு போய் நெஞ்சக டாக்டரிடம் காட்டினேன். டாக்டர் ஒரு குழாயைக் கொடுத்து ஊதச் சொன்னார். இத்தனை பேரை ஒரே மூச்சில் தொட்டுவிட்டு வருகிற மனிதர், முகமெல்லாம் சிவந்து, கழுத்து நரம்பு புடைக்க ஊதியும் கணினியில் கோடு எழுந்திருக்கவே இல்லை. “மூச்சை உள்ள வாங்கி வச்சுக்கிறதுல நீங்க மன்னன். வெளிய விடுறதுலதான் பிரச்சினை” என்றார் டாக்டர். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, சிரிக்காமல் சொன்னார். இப்படியே மருந்தில்லாமல் ஆடினால் என்றாவது ஒருநாள் ஆட்டத்தின் நடுவிலேயே நெஞ்சு மொத்தமாக அடைத்துக்கொள்ளும், அப்போது ஆஸ்பத்திரி வரை போக நேரம் இருக்காது. அன்று முதல் கேப்டன் ஒவ்வொரு ரைடுக்கும் போகும்போது, அவர் திரும்பி வரும்வரை நான் நொடிகளை எண்ணிக்கொண்டிருப்பேன்.

நீல இன்ஹேலர் எழுதிக் கொடுத்தார்கள். கேப்டன் அதை வாங்கிச் சட்டைப்பையில்கூட வைக்கவில்லை. இரண்டு விரலால் வாலைப் பிடித்து எலியைத் தூக்குவதுபோலத் தூக்கிக்கொண்டு வந்தார். ஆட்டோவில் ஆரம்பித்த வாக்குவாதம் விடுதி வாசல் வரை நீண்டது. தடைப் பட்டியலில் இதற்கு அனுமதி உண்டு, அளவுக்குள் இழுத்தால் குற்றமில்லை என்றேன். இதே மருந்தை சிரப்பாகக் குடித்தால் குற்றம் என்றும் உண்மையைச் சொல்லிவிட்டேன். அதுதான் நான் செய்த மடத்தனம்.

“டப்பாவுல வந்தா நல்லது, பாட்டில்ல வந்தா கெட்டதா? மருந்து ஒண்ணுதான மேடம்?”

“உடம்புக்குள்ள போற அளவு வேற.”

“எங்க வீட்டுக் காளையையும் வாடிவாசலுக்கு முன்னாடி மாட்டு டாக்டரு பாத்துத்தான் விடுவாரு. பருத்திக்கொட்டை குடுக்கலாம். பேரீச்சம்பழம் குடுக்கலாம். சாராயம் குடுத்தா வெளிய அனுப்பிருவாங்க. இந்த டப்பா பருத்திக்கொட்டையா, சாராயமா? அத மட்டும் சொல்லுங்க.”

ரெண்டும் இல்லை, மருந்து என்றேன். அவர் தலையாட்டவில்லை. “எனக்கு எதுக்க நிக்கிறவன் சொந்த மூச்சுல பாடுறான். நான் கடையில வாங்குன மூச்சுல பாடுனா அது என் ஆட்டமா மேடம்?” என்றார். பார்வை மங்கினவன் கண்ணாடி போட்டுக்கொண்டு ஆடுவதில்லையா என்று மடக்கினேன். “இது கண்ணு வெளையாட்டு இல்லையே. மூச்சு வெளையாட்டு” என்றார். அனுமதி உண்டா என்று கேட்டிருந்தால் என்னிடம் பதில் இருந்தது. அவர் நியாயமா என்று கேட்டார். அந்தப் பாடம் எங்கள் கல்லூரியில் இல்லை.

கடைசியில் அவரே ஒரு முடிவுக்கு வந்தார். “கருப்புக்கிட்டக் கேட்டுர்றேன் மேடம். பூக்கட்டிப் பாத்துருவோம்” என்றார். அவர்கள் ஊர்ப்பக்கம் பெண் பார்க்கவும், கிணறு வெட்டவும், கோர்ட்டுக்குப் போகவும் இப்படித்தான். வெள்ளைப் பூவை ஒரு இலையிலும், சிவப்பை ஒரு இலையிலும் மடித்துக் கட்டி, சாமி முன்னால் போட்டுவிட்டு மனசுக்குள் கேள்வியைச் சொல்ல வேண்டும். யாராவது ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு ஒரு பொட்டலத்தை எடுப்பார். வெள்ளை வந்தால் சம்மதம். சிவப்பு வந்தால் வேண்டாம். உலகம் முழுக்க ஒத்துக்கொண்ட விதிப் புத்தகம் கையில் இருக்க, ஒரு ஆட்டக்காரனின் உயிரை இலைப் பொட்டலத்தில் வைப்பதா என்று எனக்குக் கொதித்தது. ஆனாலும் கூடவே போனேன். தனியாகப் போனால் சிவப்பு வந்தது என்று சொல்லித் தப்பித்துக்கொள்வார் என்று சந்தேகப்பட்டேன். அப்பாவின் ரத்தம்.

மேலூரில் இறங்கி வேறு பஸ் பிடித்துப் போனோம். வயல்களுக்கு நடுவே ஆலமரத்தடியில் கருப்பு, அரிவாளும் மீசையுமாக நின்றிருந்தார். பூசாரி நந்தியாவட்டையை ஒரு இலையிலும் செவ்வரளியை இன்னொரு இலையிலும் மடித்துக் கட்டினார். இன்ஹேலரைச் சாமி காலடியில் வைத்து அதற்கும் விபூதி பூசினார். வழக்கமாகச் சின்னப் பிள்ளைகளைத்தான் எடுக்கச் சொல்வார்களாம். பள்ளிக்கூட நேரம் என்பதால் சுற்றுவட்டாரத்தில் ஒரு பிள்ளையும் இல்லை. பூசாரி என்னை மேலும் கீழும் பார்த்தார். “டவுனு ஆளு. நம்ம பங்காளி வகையிலும் இல்ல, சம்பந்தி வகையிலும் இல்ல. நீயே எடு தாயி” என்றார்.

ஊக்கமருந்துத் தடுப்புப் பொறுப்பாளர் என்று அடையாள அட்டை மாட்டியிருந்த நான், கண்ணை இறுக மூடிக்கொண்டு குனிந்து ஒரு பொட்டலத்தை எடுத்தேன். பிரித்தால் செவ்வரளி.

கேப்டன் முகத்தில் ஏமாற்றம்கூட இல்லை. நான் அப்பவே சொல்லலையா என்கிற பாவனை. எனக்கு வந்ததே ஆத்திரம். சாமி மேல் கோபப்படுவதா, என் கை மேல் கோபப்படுவதா என்று தெரியவில்லை. இன்னொரு தரம் எடுக்கிறேன் என்று பூசாரியிடம் சண்டைக்குப் போனேன். “மேடம் ரிவ்யூ கேக்குறாங்க” என்று கேப்டன் சிரித்தார். ஒரே கேள்வியை இரண்டு தரம் கேட்டால் சாமிக்குக் கோபம் வரும், அது முடியாது என்று பூசாரி கையை விரித்தார்.

“அப்புடி என்னதான் கேட்டீங்க கேப்டன்?”

“செயிக்கிறதுக்கு இத இழுக்கலாமான்னு கேட்டேன்.”

“செயிக்கிறதப் பத்தி இங்க யாரு பேசுனா? நீங்க மல்லாந்து படுத்து எத்தன வருசமாச்சு? மூச்சு விடுறதுக்கு இழுக்கலாமான்னு கேளுங்க.”

பயத்தில் அழுகை வந்துவிட்டது என்பதை இப்போது சொல்லிக்கொள்வதில் வெட்கமில்லை. கேப்டன் சிரிப்பை நிறுத்தினார். பூசாரி கொஞ்ச நேரம் மீசையைத் தடவிக்கொண்டு யோசித்தார். “அது வேற கேள்வி. கேக்கலாம்” என்றார். மறுபடி இலை, மறுபடி பூ. கேப்டன் கண்ணை மூடி, இந்த முறை வாய்விட்டே கேட்டார். நான் எடுத்தேன். பிரிப்பதற்கு எனக்குத் தைரியம் வரவில்லை. பூசாரிதான் பிரித்தார். நந்தியாவட்டை.

இரண்டில் ஒன்று வரத்தான் செய்யும், இதில் அதிசயம் எதுவும் இல்லை என்று பஸ்ஸில் வரும்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் எங்கே மருந்து முடிகிறது, எங்கே திருட்டு ஆரம்பிக்கிறது என்று நான் படித்த அத்தனை பக்கங்களும் சொல்லாததை அந்த இரண்டு பொட்டலங்களும் சொல்லிவிட்டதாக மனசின் ஒரு ஓரம் முனகிக்கொண்டே வந்தது. இரண்டாம் தரம் நான் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துத்தான் எடுத்தேன் என்று கேப்டன் இன்றுவரை சாதிக்கிறார். இல்லை என்று நானும் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அன்றிலிருந்து கேப்டன் காலையில் இரண்டு இழுப்பு, தேவைப்பட்டால் ஆட்டத்தின் நடுவே இரண்டு இழுப்பு என்று ஒழுங்காக எடுத்தார். படுத்துத் தூங்கினார். நான் நிம்மதியாக இருந்தேன். ஆனால் சம்மதம் கொடுத்த சாமிக்குக் கிடா வெட்டுவதாக அவர் அங்கேயே நேர்ந்துகொண்டதை என்னிடம் சொல்லவில்லை.

அரையிறுதி மதுரையிலேயே நடந்தது. பிற்பகல் ஆட்டம். கேப்டனின் ஊரே லாரி பிடித்து வந்து ஒரு பக்கத்துப் படிக்கட்டுகளை நிறைத்திருந்தது. இரண்டாம் பாதியில், கூச்சலும் புழுக்கமும் சேர்ந்து கேப்டனுக்கு நெஞ்சை அடைத்தது. வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். பூனைக்குட்டிச் சத்தம் எனக்கே கேட்டது. இன்ஹேலரை நீட்டினேன். “மறைவாப் போயிர்றேன் மேடம். ஊரு பாக்குது” என்றார். “ஒளிஞ்சு இழுத்தாத்தான் திருட்டு. இங்கயே இழுங்க” என்றேன். கேமரா முகத்துக்கு நேராக வந்து நின்றது. கேப்டன் கண்ணை மூடிக்கொண்டு, ஊர் முழுக்கப் பார்க்க, இரண்டு இழுப்பு இழுத்தார். மேலிருந்து யாரோ, “கேப்டனுக்குக் காத்தடிக்கிறாங்கடா” என்று கத்தினான். மொத்தக் கூட்டமும் சிரித்தது. கேப்டனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மூச்சும் வந்துவிட்டது.

எதிரணிப் பயிற்சியாளர் சும்மா இருக்கவில்லை. நடுவரிடம் ஓடினார். நடுவர் என்னைப் பார்த்தார். அனுமதி உண்டு என்று விளக்கினேன். பயிற்சியாளர் அடங்காமல் கேப்டனிடமே வந்து, “மூச்சு வெளையாட்டுல மூச்சக் கடையில வாங்கிட்டு வந்தா எப்புடி மாப்ள?” என்று கேட்டார். ஆட்டோவில் கேப்டன் என்னைக் கேட்ட அதே கேள்வி. கேப்டன் நிதானமாக எழுந்து, “செயிக்கிறதுக்கு இழுக்கலண்ணே. மூச்சு விடுறதுக்கு இழுத்தேன்” என்றார்.

அந்த வாக்கியத்துக்குப் பின்னணியில் மேளம் அடித்திருக்க வேண்டும். ஆனால் அடுத்த ரைடுக்குப் போனவரை, நாலு பேர் சேர்ந்து அமுக்கிப் படுக்கவைத்துவிட்டார்கள். அதற்கடுத்த ரைடிலும் அதே கதை. நாங்கள் தோற்றோம். ஆட்டம் முடிந்து கை குலுக்கும்போது அந்தப் பயிற்சியாளர் என் பக்கம் திரும்பி, “மன்னிச்சுக்கங்க மேடம். நல்ல மருந்துதான். ஒண்ணுமே செய்யல” என்றார்.

தோற்ற துக்கம் ஆறுவதற்குள், ஊக்கமருந்துச் சோதனைக்குக் கேப்டன் பெயர் வந்துவிட்டது. எனக்குக் கவலையே இல்லை. இன்ஹேலர் அளவுக்குள் இருந்தது, டாக்டர் சீட்டு கையில் இருந்தது. ஒரே சிக்கல், சோதனை அதிகாரி கண்ணெதிரில் சிறுநீர் கழிக்க வேண்டும் என்பது விதி. கேப்டன் உள்ளே போவார், கொஞ்ச நேரத்தில் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வெளியே வருவார். நான் தண்ணீர் பாட்டிலை நீட்டுவேன். “ஆளு பாத்துக்கிட்டே நின்னா எப்புடி மேடம் வரும்?” என்று என்னிடம் முறையிட்டார். வயதில் மூத்த அந்த அதிகாரி மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி, “நான் மட்டும் ஆசப்பட்டாத் தம்பி பாக்குறேன்?” என்றார். இருவர் மேலும் எனக்குப் பரிதாபமாக இருந்தது.

காத்திருக்கும் நேரத்தில், கடந்த சில நாளில் என்ன மருந்து எடுத்தீர்கள், சொல்லுங்கள் என்று அதிகாரி எழுத உட்கார்ந்தார். எதையும் மறைக்கக் கூடாது என்று நான்தான் சொல்லிக் கொடுத்திருந்தேன். கேப்டன் கையைக் கட்டிக்கொண்டு ஒப்பித்தார்.

“காலையில ரெண்டு இழுப்பு. ஆட்டத்துல ரெண்டு இழுப்பு. மத்தியானம் கிடாக்கறிக் கொழம்பு.”

“கொழம்பெல்லாம் வேணாம் தம்பி” என்றார் அதிகாரி.

எந்தக் கிடா என்று கேட்டேன். அன்று காலை கருப்புக்கு நேர்த்தி செலுத்தியிருக்கிறார்கள். நான் ஐஸ் பெட்டிகளோடு அரங்கத்துக்குப் போன நேரம் பார்த்து, கேப்டனின் மச்சான் இரண்டு தூக்குவாளிக் குழம்போடு விடுதிக்கு வந்திருக்கிறார். அணி மொத்தமும் சாப்பிட்டிருக்கிறது. மாஸ்டர் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டாராம்.

“கசகசா போட்டிருந்தாங்களா?”

கேப்டன் என்னை இரக்கத்தோடு பார்த்தார். “சாமிக் கறி மேடம். கசகசா அரைச்சு ஊத்தாம எப்புடி?”

அதுவரை சீக்கிரம் வரட்டும் என்று வேண்டிக்கொண்டிருந்த நான், அந்த நொடியிலிருந்து வரவே வேண்டாம் என்று வேண்ட ஆரம்பித்தேன். கேப்டனுக்கு அப்போதுதான் வந்தது. “வந்துருச்சு மேடம்” என்று மலர்ந்த முகத்தோடு சொல்லிவிட்டு உள்ளே ஓடினார். மார்பின் என்று முடிவு வந்தால் தடை. தடை வந்தால் ரயில்வே வேலையும் போகும். அதைவிட, லாரி பிடித்து வந்த ஊர், கேமரா முன்னால் அவர் இழுத்த அந்த இரண்டு இழுப்பைத்தான் சொல்லும். குழம்பென்று சொன்னால் யார் நம்புவார்கள்? சாகாமல் இருப்பதற்காக இழுத்தவனை, ஊர் திருடன் என்று பேசும். அவரை வெளிச்சத்தில் உட்காரவைத்து இழுக்கச் சொன்னதும் நான்தான்.

முடிவு வரும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. எங்கே குக்கர் விசில் கேட்டாலும் கசகசா வாசனை அடிப்பதுபோல் இருந்தது. கேப்டனோ கலங்கவே இல்லை. “கருப்பு உத்தரவு குடுத்து வெட்டுன கிடா மேடம். அது காட்டிக் குடுக்காது” என்று எனக்கு ஆறுதல் சொன்னார். இரண்டு இழுப்புக்கு அத்தனை தர்க்கம் பேசிய மனிதர், இரண்டு தூக்குவாளிக்குக் கண்ணை மூடிக்கொண்டு நம்பினார். இன்ஹேலருக்காக வரிந்துகட்டிய நானோ குழம்பை நினைத்து நடுங்கினேன். அவரவர் எல்லைக்கோட்டை அவரவர் வேறு வேறு இடத்தில் போட்டு வைத்திருந்தோம். எதுவுமே இல்லை என்று முடிவு வந்த அன்று நான் மேலாளர் அறையிலேயே உட்கார்ந்து அழுதேன். மாஸ்டர் எட்டிப் பார்த்து, “அப்பக் கசகசா போடலாமா மேடம்?” என்று கேட்டார். சீசன்தான் முடிந்துவிட்டதே என்றேன். அன்றைய குருமாவை நான் இன்னும் மறக்கவில்லை.

சீசன் முடிந்து பிரியும்போது கேப்டன் அந்த முதல் இன்ஹேலரை என் கையில் கொடுத்தார். தீர்ந்துபோனதுதான். பூசாரி கட்டிய கயிறும் பூசிய விபூதியும் அப்படியே இருந்தன. அன்று கோயிலில் நான் இரண்டாவதாக எடுத்த பொட்டலத்திலிருந்து ஒரு இதழை மூடிக்குள் போட்டு வைத்திருந்தார். இப்போது அவர் ரயில்வேயில் இருக்கிறார். கொஞ்சம் தொப்பை போட்டிருக்கிறது. சட்டைப்பையில் பேனாவுக்குப் பக்கத்தில் நீல மூடி வெளியே தெரிய வைத்திருப்பார். யாராவது கேட்டால் மறைக்காமல் சொல்வார், கேட்காவிட்டாலும் சொல்வார்.

போன வாரம் மேலூரிலிருந்து ஒரு அப்பா, ஓட்டப்பந்தயம் ஓடும் தன் மகனைக் கூட்டிக்கொண்டு இப்போது நான் சொந்தமாக நடத்தும் கிளினிக்குக்கு வந்தார். காலேஜ் பையன். கெண்டைக்கால் சதை பிடிப்பு என்று வந்தார்கள். அதைப் பார்த்து முடித்ததும் அப்பா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, “அந்த நீலக் கலர் டப்பா ஒண்ணு வாங்கணும் மேடம். உங்களுக்குத் தெரிஞ்ச டாக்டர்கிட்டச் சொல்லி எழுதி வாங்கித் தந்தாப் போதும். எல்லாப் பயலும் இழுத்துட்டுத்தான் ஓடுறானாம்” என்றார். பையனுக்கு வீசிங் உண்டா என்று கேட்டேன். “சேச்சே, கல்லு மாதிரி நெஞ்சு” என்று பெருமையாகச் சொன்னார். பையனைப் பார்த்தாலே தெரிந்தது. லாரி டயரை வாயால் ஊதி நிரப்பிவிடுவான்.

அப்படியென்றால் எதற்கு என்றேன். “தடை கிடையாதாம்ல மேடம். அளவாத்தான் இழுக்கப் போறான். தப்பில்லையே?” என்றார். விதிப் புத்தகத்தை மனதுக்குள் புரட்டினேன். அவர் சொன்னது சரிதான். ஒரு காலத்தில் நான் கேப்டனிடம் தொண்டை வறளச் சொன்ன அதே வார்த்தைகளை, மருந்தே தேவைப்படாத ஒரு பையனின் அப்பா என்னிடம் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தார். மூச்சு முட்டிய ஆள் அன்று வேண்டாம் என்று மல்லுக்கட்டினார். மூச்சுக்குக் குறைவே இல்லாதவனுக்கு இன்று அது அவசரமாகத் தேவைப்பட்டது.

இழுப்பறையைத் திறந்து அந்த இன்ஹேலரை எடுத்து மேசைமேல் வைத்தேன். கயிற்றையும் விபூதியையும் பார்த்து அவர் லேசாக மிரண்டார்.

“கொட்டாம்பட்டிப் பக்கம் ஒரு கருப்பு கோயில் இருக்கு. போயிப் பூக்கட்டிப் பாருங்க. ‘செயிக்கிறதுக்கு இத இழுக்கலாமா’ன்னு மட்டும் கேளுங்க. கேள்விய மாத்தக் கூடாது.”

பையன் தலையைக் குனிந்து சிரித்தான். அப்பா மேசைமேல் இருந்ததையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

“செவப்பு வந்துட்டா என்ன மேடம் பண்றது?”

இரண்டில் ஒன்று வரும், இதில் அதிசயம் எதுவும் இல்லை என்று பஸ்ஸில் எனக்கு நானே சொல்லிக்கொண்டவள் நான்.

“வரும்” என்றேன். இன்ஹேலரை எடுத்து மறுபடி இழுப்பறைக்குள் வைத்தேன்.